11 நாள், 28 நாள்: தலையில் அடிபட்ட பெண் பிள்ளைகள் தேற ஏன் இவ்வளவு நாளாகிறது?

அமெரிக்காவில் ஜான் நைடெக்கர் என்ற விளையாட்டு மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2017-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விளையாட்டில் அடிபட்டு முதல்முறையாக ‘கன்கஷன்’ ஆன 212 பள்ளிப் பிள்ளைகளின் மருத்துவக் குறிப்புகளை எடுத்துப் பார்த்திருந்தார்கள். எல்லோரும் 11 முதல் 18 வயதுக்குள். பையன்களுக்கு அறிகுறிகள் நீடித்தது 11 நாள், பெண் பிள்ளைகளுக்கு 28 நாள். இரண்டுமே இடைநிலை எண்கள். அதாவது, சீக்கிரம் தேறியவரில் தொடங்கி எல்லோரையும் வரிசையாக நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பவருக்கு எத்தனை நாள் ஆனதோ அந்தக் கணக்கு. மூன்று வாரத்துக்குள் தேறிய பையன்கள் 75 சதவீதம், பெண்கள் 42 சதவீதம்.

இப்படி ஒரு செய்தி வந்ததும் இரண்டு விதமான பேச்சு கிளம்பும். பெண்களின் உடம்பே அப்படித்தான் என்பது ஒன்று. பெண்கள் சின்ன வலியையும் பெரிதாகச் சொல்வார்கள் என்பது இன்னொன்று. இரண்டுமே அவசரத்தில் வரும் பேச்சு. இரண்டாவது பேச்சு ஆபத்தானதும்கூட, ஏனென்றால் அதை நம்புகிற பெரியவர்கள் அடிபட்ட பிள்ளையைத் திரும்பவும் மைதானத்துக்கு அனுப்பிவிடுவார்கள். இந்த 17 நாள் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## கன்கஷன் என்பது என்ன?

தமிழில் மூளை அதிர்வு என்று சொல்லலாம். மூளை கெட்டித் தயிர் போல மென்மையானது. மண்டையோட்டுக்குள் ஒரு திரவத்தில் மிதந்துகொண்டிருக்கிறது. டிபன் பாக்ஸில் தயிரை வைத்துக்கொண்டு ஓடும் பஸ்ஸில் போகிறீர்கள், டிரைவர் திடீரென்று பிரேக் போடுகிறார். பாக்ஸுக்கு ஒன்றும் ஆகாது, உள்ளே தயிர் குலுங்கி உடைந்திருக்கும். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடப்பது ஏறக்குறைய இதுதான். தலையில் நேரடியாக அடிபட வேண்டும் என்றுகூட இல்லை. தோளில் பலமாக ஒரு மோதல் விழுந்து, கழுத்து சாட்டை மாதிரி வெட்டி இழுத்தாலும் போதும். அதிலும் தலை சட்டென்று ஒரு பக்கம் திரும்பும் சுழற்சிதான் மூளைக்கு அதிகக் கெடுதல் செய்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை கலிபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் கிஸாவும் டேவிட் ஹோவ்டாவும் 2001-ல் தெளிவாக எழுதினார்கள். நரம்புச் செல்களின் சுவர் இழுபடுகிறது. உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, வெளியே இருக்க வேண்டிய கால்சியம் உள்ளே புகுகிறது. நிலைமையைச் சரிசெய்ய செல்லின் ‘பம்புகள்’ முழு மூச்சில் ஓட வேண்டியிருக்கிறது. அதற்கு நிறைய குளுக்கோஸ் வேண்டும். ஆனால் அதே நேரம் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்துவிடுகிறது. கோடைக்காலத்தில் தெரு முழுக்க ஒரே நேரத்தில் மோட்டார் போட்டால் வோல்டேஜ் இறங்குமே, அந்த மாதிரி. தேவை உச்சத்தில் இருக்கும்போது வரத்து குறைவு. இந்தப் பற்றாக்குறை சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை நீடிக்கும். அந்த இடைவெளியில் மூளை மறுபடி ஒரு அடியைத் தாங்கும் நிலையில் இல்லை.

இதில் இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது, சி.டி. ஸ்கேனில் கன்கஷன் தெரியாது. ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான் ஸ்கேன் காட்டும். ‘ஸ்கேன் நார்மல்’ என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை என்று பொருளே தவிர, மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பொருள் இல்லை. இரண்டாவது, கன்கஷன் ஆனவர்களில் மயங்கி விழுபவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு. மயங்கினால்தான் கவலைப்பட வேண்டும் என்று நினைத்தால் பத்தில் ஒன்பது பேரைத் தவறவிட்டுவிடுவோம்.

மற்றபடி தலைவலி, தலைசுற்றல், குமட்டல், வெளிச்சமும் சத்தமும் தாங்காமை, மந்தம், மறதி, எரிச்சல், காரணமில்லாத அழுகை, தூக்கம் கூடுவது அல்லது குறைவது எல்லாம் இதன் அறிகுறிகள். இவற்றில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. பிள்ளை வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு.

## எத்தனை பேருக்கு அடிபடுகிறது?

அமெரிக்காவில் 1972-ல், கல்வி நிலையங்களில் ஆண், பெண் பாகுபாடு கூடாது என்று சொல்லும் ‘டைட்டில் நைன்’ சட்டம் வந்தபோது, பள்ளி விளையாட்டுகளில் ஆடிய பெண்கள் 3 லட்சத்துக்கும் குறைவு. பிற்பாடு அது 30 லட்சத்தைத் தாண்டியது. இவ்வளவு பேர் ஆட வந்த பிறகுதான் ஆண், பெண் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அளவுக்குக் கணக்கு கிடைத்தது.

ஆனால் மொத்த எண்ணிக்கையை வைத்து ஒப்பிட்டால் தப்பாகிவிடும். ஆடுபவர்கள் அதிகமாக இருந்தால் அடிபடுபவர்களும் அதிகமாகத்தான் இருப்பார்கள். அதனால் ஆய்வாளர்கள் ‘களமிறங்கிய தடவைகள்’ என்று எண்ணுகிறார்கள். ஒரு பிள்ளை ஒரு பயிற்சிக்கோ ஒரு ஆட்டத்துக்கோ இறங்கினால் அது ஒரு தடவை. 2013 முதல் 2018 வரையிலான பள்ளிக் கணக்கில், 10,000 தடவைக்கு அமெரிக்க ஃபுட்பாலில் (பையன்கள் ஹெல்மெட் போட்டு முட்டிமோதும் ஆட்டம்) 10.40 கன்கஷன். அடுத்த இடம் பெண்கள் கால்பந்துக்கு, 8.19. பையன்களின் ஐஸ் ஹாக்கி 7.69-தான், அதற்குக் கீழே.

பெண்கள் கால்பந்தில் ஹெல்மெட் கிடையாது. வேண்டுமென்றே மோதுவது விதியில் இல்லை. அப்படியிருந்தும் அது இரண்டாவது இடத்தில் நிற்கிறது.

ஏறக்குறைய ஒரே விதிகளில் இருபாலரும் ஆடும் விளையாட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் கணக்கு இன்னும் தெளிவாகிறது. கால்பந்து, கூடைப்பந்து, பேஸ்பாலுக்கு ஈடாக சாஃப்ட்பால் போன்றவை இதில் வரும். அந்தக் கணக்கில் பெண்களுக்கு 10,000 தடவைக்கு 3.35, பையன்களுக்கு 1.51.

2021-ல் மிச்சிகன் மாநிலப் பள்ளிக் கால்பந்து வீரர்களை வைத்து அபிகெயில் பிரெட்ஸின் குழு செய்த ஆய்வு இன்னொரு படி உள்ளே போனது. 80,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கணக்கு அது. பெண்களுக்குக் கன்கஷன் ஆகும் வாய்ப்பு பையன்களைவிட 1.88 மடங்கு என்று வந்தது. அடி எப்படி விழுந்தது என்பதிலும் வித்தியாசம் இருந்தது. பையன்களுக்குப் பெரும்பாலும் இன்னொரு ஆட்டக்காரருடன் மோதியதால் வந்தது. பெண்களுக்குப் பந்தோ கோல் கம்பமோ பட்டதால் வந்தது அதிகம். மூன்றாவதாக ஒன்று உண்டு: அடிபட்டதும் உடனே ஆட்டத்திலிருந்து வெளியே எடுக்கப்படும் வாய்ப்பு பையன்களுக்கு 1.54 மடங்கு அதிகம். இந்த மூன்றாவது எண்ணுக்குக் கீழே திரும்ப வருவோம். இந்தக் கட்டுரையின் முக்கால்வாசி விஷயம் அதற்குள்தான் இருக்கிறது.

## உடம்பில் என்ன வித்தியாசம்?

1. கழுத்து. ஒரே வேகத்தில் வரும் பந்து இரண்டு தலைகளில் படுகிறது என்றால், கழுத்து வலுவாக இருக்கும் தலை குறைவாக ஆடும். சராசரியாகப் பெண்களின் கழுத்துச் சுற்றளவும் தசை பலமும் குறைவு. அதனால் அதே விசைக்குத் தலை வேகமாகச் சுழல்கிறது என்று 2005-லேயே அளந்து காட்டினார்கள். 2014-ல் 6,000-க்கும் மேற்பட்ட பள்ளி விளையாட்டு வீரர்களின் கழுத்து பலத்தை அளந்து, அவர்களில் யார் யாருக்குப் பின்னால் கன்கஷன் ஆனது என்று பார்த்தார்கள். கழுத்தின் பலம் ஒரு பவுண்டு, அதாவது சுமார் அரைக் கிலோ, கூடும்போது கன்கஷன் ஆகும் வாய்ப்பு 5 சதவீதம் குறைந்தது. ஆணா பெண்ணா என்பதைத் தாண்டி நிற்கிற உண்மை இது. மெலிந்த கழுத்துள்ள பையனுக்கும் இதே கதைதான். கழுத்துப் பயிற்சி கொடுத்து மாற்றக்கூடிய விஷயமும்கூட.

2. நரம்பிழை. மூளைச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது ‘ஆக்ஸான்’ எனும் மெல்லிய இழைகள் வழியாக. ஒவ்வொரு இழைக்குள்ளும் நுண்குழல்கள் தண்டவாளம் மாதிரி நீளவாக்கில் ஓடுகின்றன. செல்லுக்குத் தேவையான சரக்கு அவற்றின் மேல்தான் போய் வருகிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் ஸ்மித்தின் ஆய்வகம் எலி, மனிதன் இரண்டின் நரம்புச் செல்களையும் கண்ணாடித் தட்டில் வளர்த்து, ஆண் செல்லையும் பெண் செல்லையும் ஒரே அளவு இழுத்துப் பார்த்தது. 2018-ல் வந்த முடிவு இது: பெண் செல்களின் இழைகள் சன்னமானவை, உள்ளே தண்டவாளங்களும் குறைவு. அதனால் அதே இழுப்புக்கு அதிகமான தண்டவாளங்கள் உடைந்தன. சரக்கு நடுவழியில் தேங்கி இழை ஆங்காங்கே வீங்கியது. ஒரு நாள் கழித்துப் பார்த்தபோது, இந்த வீக்கங்கள் பெண் செல்களில்தான் அதிகம். தட்டில் வளர்த்த செல்லுக்கும் மைதானத்தில் ஓடும் பிள்ளைக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. ஆனாலும் ‘இதெல்லாம் மனப்பிரமை’ என்று சொல்பவர்களுக்கு இந்தச் சோதனை நல்ல பதில். தட்டில் இருக்கிற செல்லுக்கு வலியைப் பெரிதாகச் சொல்லத் தெரியாது.

3. ஹார்மோன். மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் புரோஜெஸ்டிரான் அளவு உயர்ந்திருக்கும். அந்த நாட்களில் தலையில் அடிபட்ட பெண்கள், ஒரு மாதம் கழித்து மற்றவர்களைவிட மோசமான நிலையில் இருந்ததாக 2014-ல் ஓர் ஆய்வு சொன்னது. அடிபட்ட அதிர்ச்சியில் அந்த ஹார்மோன் சட்டென்று இறங்கிவிடுவதே காரணம் என்பது அவர்களின் ஊகம். இது இன்னும் முடிந்த விஷயம் இல்லை. ஆனால் எதிர்த்திசையில் ஒரு தொடர்பு உறுதியாகத் தெரிகிறது. கன்கஷன் மாதவிடாயைக் குழப்புகிறது. 2017-ல் வந்த ஆய்வில், கன்கஷன் ஆன இளம்பெண்களில் 23.5 சதவீதம் பேருக்கு அடுத்த சில மாதங்களில் இரண்டு தடவையோ அதற்கு மேலோ மாதவிடாய் தப்பியோ முன்பின்னாகவோ வந்தது. கை, கால் எலும்பில் அடிபட்டு வந்த பெண்களில் அப்படி ஆனது 5 சதவீதம் பேருக்குத்தான். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியும் அதிர்வில் பாதிக்கப்படுகிறது என்பதற்கான அடையாளமாக இதைப் பார்க்கிறார்கள். தலைவலிக்காக வந்த பிள்ளையிடம் இதை யாரும் கேட்பதில்லை, அவளும் தானாகச் சொல்ல மாட்டாள்.

4. ஏற்கெனவே இருப்பவை. நைடெக்கரின் ஆய்வு அழுத்திச் சொன்னது இதைத்தான். அடிபடுவதற்கு முன்பே தலைவலி, மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் இருந்தவர்கள் பெண்களில் அதிகம். பருவம் வந்த பிறகு ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன், பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். ஏற்கெனவே மைக்ரேன் இருக்கும் தலையில் கன்கஷனும் சேர்ந்தால், எது எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம். தேறும் நாட்களும் நீளும்.

வயதும் இதில் சேர்கிறது. சின்னப் பிள்ளைகளிடம் ஆண், பெண் வித்தியாசம் அவ்வளவாகத் தெரிவதில்லை. பருவ வயதில்தான் இரண்டு கோடுகளும் பிரிகின்றன. கனடாவில் 9 குழந்தைகள் மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கு வந்த 3,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து ரோஜர் ஸெமெக் குழு 2016-ல் ஒரு மதிப்பெண் முறையை உருவாக்கியது. யாருக்கு ஒரு மாதம் கழித்தும் அறிகுறி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்வதற்கான 12 புள்ளி அளவு அது. அதில் பெண் என்பதற்கு 2 புள்ளி, 13 வயதோ அதற்கு மேலோ என்பதற்கு 2 புள்ளி. முன்பு மைக்ரேன் இருந்தால் 1. ஆக, 14 வயதுப் பெண் ஒருத்தி அவசரப் பிரிவுக்குள் நுழையும்போதே 12-ல் 4 புள்ளிகளோடுதான் நுழைகிறாள்.

## கைநழுவும் நேரம்

இதுவரை பார்த்ததெல்லாம் உடம்பைப் பற்றி. இனி மைதானத்தைப் பற்றி.

பையன்களின் ஆட்டத்தில் இருவர் ஓடிவந்து தலையோடு தலை மோதுகிறார்கள். சத்தம் கேட்கிறது. இருவரும் தரையில் கிடக்கிறார்கள். நடுவர் விசிலடிக்கிறார், பயிற்சியாளர் ஓடிவருகிறார். கன்கஷனாக இருக்குமோ என்று மைதானத்தில் எல்லோருக்கும் தோன்றிவிடும். பெண்களின் ஆட்டத்தில் பத்தடி தூரத்திலிருந்து அடித்த பந்து ஒருத்தியின் காதோரம் படுகிறது. ஒரு கணம் நிற்கிறாள். கன்னத்தைத் தேய்த்துக்கொள்கிறாள், அவிழ்ந்த முடியை இறுக்கிக் கட்டிக்கொள்கிறாள், ஓடத் தொடங்குகிறாள். பந்து ஏற்கெனவே மறுபக்கம் போயிருக்கும், எல்லார் கண்ணும் பந்தின் பின்னால் போயிருக்கும். மிச்சிகன் ஆய்வின் இரண்டாவது முடிவையும் மூன்றாவது முடிவையும் சேர்த்துப் படித்தால் கிடைக்கும் காட்சி இதுதான்.

அறிகுறிகளும் இதற்கு ஒத்தாசை செய்கின்றன. பையன்களிடம் குழப்பமும் ஞாபக மறதியும் அதிகம் பதிவாகின்றன. எந்தப் பக்கம் கோல் என்று தெரியாமல் நிற்பவனை யாரும் கவனித்துவிடுவார்கள். பெண்களிடம் தூக்கக் கலக்கமும் சத்தம் தாங்காமையும் அதிகம். இவை மைதானத்தில் தெரியாது. இரவு வீட்டில் தெரியும், அதுவும் ‘ஆடிய களைப்பு’ என்று கழிந்துவிடும்.

சரி, அடிபட்ட பிறகு இன்னும் பத்து நிமிடம் ஆடினால் என்ன ஆகிவிடும்? 2016-ல் ஆர். ஜே. எல்பின் குழு இதைத்தான் பார்த்தது. மொத்தம் 69 பேர். அடிபட்டதும் வெளியே எடுக்கப்பட்டவர்கள் சராசரியாக 22 நாளில் தேறினார்கள். தொடர்ந்து ஆடியவர்களுக்கு 44 நாள் ஆனது. மூன்று வாரத்துக்கு மேல் இழுக்கும் வாய்ப்பு இவர்களுக்கு 8.8 மடங்கு. கொஞ்ச நேர ஆட்டத்துக்குக் கொடுத்த விலை மூன்று வாரம். வோல்டேஜ் இறங்கிய நேரத்தில் இன்னொரு மோட்டாரையும் போட்டால் என்ன ஆகுமோ அதுதான் நடக்கிறது.

மைதானத்துக்கு வெளியிலும் இதே கதை தொடர்கிறது. ஃபிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் நடாஷா தேசாய் என்ற மருத்துவர் தலைமையில் 2019-ல் வெளியான ஆய்வு, கன்கஷன் சிகிச்சைக்கு வந்த 7 முதல் 18 வயதுப் பிள்ளைகளைப் பார்த்தது. வழக்கம்போலப் பெண்கள் தேறத் தாமதமாகியிருந்தது. ஆனால் அவர்கள் சிறப்பு மருத்துவரிடம் வந்து சேர்ந்ததே தாமதமாகத்தான். அடிபட்டு ஒரு வாரத்துக்குள் வந்துவிட்ட பிள்ளைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தார்கள். ஆண், பெண் வித்தியாசம் காணாமல் போயிருந்தது.

கல்லூரி அளவிலும் இதற்கு ஒத்துப்போகும் சான்று இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுச் சங்கமும் பாதுகாப்புத் துறையும் சேர்ந்து நடத்தும் பெரிய ஆய்வுத் திட்டத்திலிருந்து 2021-ல் வந்த கணக்கில், பெண்கள் தேற 13.5 நாள், ஆண்களுக்கு 11.8 நாள். ஏறத்தாழ ஒன்றுதான். கல்லூரி அணிகளில் ஆண்கள் ஆட்டமோ பெண்கள் ஆட்டமோ, ஓரத்தில் பயிற்சி பெற்ற விளையாட்டுச் சிகிச்சையாளர் இருப்பது வழக்கம். அடிபட்டவரை அவர் அன்றைக்கே பார்த்துவிடுகிறார்.

அப்படியானால் உடம்பு வித்தியாசம் எல்லாம் பொய்யா? இல்லை. கனடாவின் மதிப்பெண் முறையை உருவாக்கப் பயன்பட்ட பிள்ளைகள் எல்லோரும் அடிபட்ட 48 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்கு வந்தவர்கள். சீக்கிரம் வந்தும் அங்கே பெண்களுக்கு அபாயம் கூடுதலாகத்தான் இருந்தது. கல்லூரிப் பெண்கள் வயதில் பெரியவர்கள், பயிற்சியில் பழகிய உடம்பு உள்ளவர்கள், அவர்களைப் பள்ளிப் பிள்ளையோடு அப்படியே ஒப்பிட முடியாது. என் கணிப்பு இது: உடம்பு ஒரு சின்ன இடைவெளியைத் திறக்கிறது, தாமதம் அதை 17 நாளாக அகலப்படுத்துகிறது. நரம்பிழையின் பருமனை நம்மால் மாற்ற முடியாது. பத்து நிமிடத்தையும் ஒரு வாரத்தையும் மாற்ற முடியும், இன்று மாலைப் பயிற்சியிலேயே மாற்ற முடியும்.

இத்தனை ஆண்டு இது ஏன் கண்ணில் படவில்லை என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. உலகம் முழுக்க மருத்துவர்கள் பின்பற்றும் கன்கஷன் வழிகாட்டுதல்களுக்கு ஆதாரமான ஆய்வுகளை 2022-ல் ஒரு குழு எண்ணிப் பார்த்தது. அவற்றில் சேர்க்கப்பட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஆண்கள். சுமார் 40 சதவீத ஆய்வுகளில் ஒரு பெண்கூட இல்லை. ‘வழக்கமாக இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்’ என்று பெற்றோரிடம் சொல்லப்பட்டதெல்லாம் பெரும்பாலும் பையன்களின் இரண்டு வாரம். மூன்றாவது வாரமும் தலைவலி போகாத பெண், தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டாள்.

## அடிபட்ட அன்றும் அடுத்த நாட்களும்

மருத்துவர்களும் ஆய்வாளர்களும் 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடி, 2023-ல் வெளியிட்ட பொது வழிகாட்டுதல்தான் இப்போது நடைமுறையில் இருக்கிறது. முன்பெல்லாம் சொன்னதிலிருந்து சில விஷயங்கள் மாறியிருக்கின்றன.

1. சந்தேகம் வந்தாலே வெளியே எடுக்க வேண்டும். அன்றைக்குத் திரும்ப இறக்கக் கூடாது. ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று பிள்ளை சொன்னாலும் இதுதான். பந்து பட்டது, கம்பத்தில் இடித்தது போன்ற சத்தமில்லாத அடிகளுக்கும் இது பொருந்தும்.

2. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, பேச்சு குழறுதல், கை கால் வலுவிழப்பு, எழுப்ப முடியாத தூக்கம், கடுமையான கழுத்து வலி, ஒரு கண்மணி மட்டும் பெரிதாகத் தெரிவது, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்காமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

3. இருட்டறையில் நாள்கணக்கில் படுக்க வைக்கும் பழைய முறை கைவிடப்பட்டுவிட்டது. முதல் ஓரிரு நாள் ஓய்வும், முதல் 48 மணி நேரம் செல்போன், டிவி குறைப்பதும் போதும். வீட்டுக்குள் நடமாட்டம், மெதுவான நடை எல்லாம் முதல் நாளிலிருந்தே இருக்கலாம். அப்புறம் அறிகுறி கூடாத அளவுக்கு லேசான உடற்பயிற்சி. 2019-ல் ஜான் லெட்டி குழு 103 பதின்ம வயதினரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. அளவாக நடை, சைக்கிள் என்று மூச்சு வாங்கவைக்கும் உடற்பயிற்சி செய்தவர்கள் 13 நாளில் தேறினார்கள், உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 17 நாள் ஆனது. தாமதமாக மருத்துவரிடம் வருபவர்கள் இழப்பது இதைத்தான். நோயறிதல் தள்ளிப்போவதோடு, இந்தச் சிகிச்சையைத் தொடங்குவதும் தள்ளிப்போகிறது.

4. முதலில் வகுப்பு, பிறகுதான் மைதானம். விளையாட்டுக்குத் திரும்புவது ஆறு படிகளாக, ஒரு படிக்குக் குறைந்தது ஒரு நாள் என்று போகும். மோதல் வாய்ப்புள்ள பயிற்சிக்கு முன்னால் அறிகுறிகள் முழுதாக நீங்கியிருக்க வேண்டும், மருத்துவரும் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். நாலாவது வாரத்திலும் அறிகுறி இருந்தால் காத்திருந்து பார்ப்பதில் பயனில்லை. கழுத்து, சமநிலை, பார்வை, தூக்கம், மனநிலை என்று தனித்தனியே பார்க்க வேண்டும்.

5. அடிபடுவதற்கு முன் மைக்ரேன், பதற்றம், சோர்வு இருந்ததா என்றும், அடிபட்ட பிறகு மாதவிடாய் சீராக வருகிறதா என்றும் மருத்துவரிடம் பெற்றோரே எடுத்துச் சொல்வது நல்லது. அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

தடுப்பைப் பொறுத்தவரை, அமெரிக்கக் கால்பந்து அமைப்பு 2015-ல் 10 வயது வரை உள்ள பிள்ளைகள் தலையால் பந்தை முட்டுவதைத் தடை செய்தது. 11 முதல் 13 வயது வரை பயிற்சியில் அதற்கு அளவு வைத்தது. கழுத்துப் பயிற்சியையும் சேர்த்தால் நல்லது. பெண்களின் ஆட்டத்துக்கும் பையன்களின் ஆட்டத்துக்குக் கொடுக்கும் அதே சிகிச்சையாளரை அதே நேரம் ஓரத்தில் நிறுத்துவது, என்னைக் கேட்டால், இவை எல்லாவற்றையும்விட முதலில் செய்ய வேண்டியது.

## ரோவன் ஸ்ட்ரிங்கர்

கனடாவின் ஒட்டாவா நகரில் 17 வயது ரோவன் ஸ்ட்ரிங்கர் தன் பள்ளியின் பெண்கள் ரக்பி அணிக்குத் தலைவி. 2013 மே மாதம் ஒரே வாரத்துக்குள் அவளுக்கு அடுத்தடுத்து தலையில் அடிபட்டது. தலைவலி இருப்பதைத் தோழிகளுக்குக் குறுஞ்செய்தியில் சொன்னாள். கன்கஷன் என்றால் என்ன என்று இணையத்தில் தேடியும் பார்த்தாள். பெற்றோருக்கோ பயிற்சியாளருக்கோ விஷயம் போகவில்லை. மே 8-ஆம் தேதி ஆட்டத்தில் மறுபடி விழுந்தாள். நாலு நாள் கழித்து இறந்துபோனாள். முதல் அடியிலிருந்து மீளாத மூளையில் இன்னொரு அடி விழுந்து, மூளை கட்டுக்கடங்காமல் வீங்கும் ‘இரண்டாம் தாக்கம்’தான் காரணம் என்று பின்னால் நடந்த விசாரணையில் தெரிந்தது. இது மிக அரிதாக நடப்பது, ஆனால் இளவயதினருக்குத்தான் நடக்கிறது.

2015-ல் அந்த விசாரணை 49 பரிந்துரைகளைக் கொடுத்தது. அதிலிருந்து பிறந்தது ஒன்டாரியோ மாகாணத்தின் ‘ரோவன் சட்டம்’, 2018-ல் நிறைவேறியது. கன்கஷன் சந்தேகம் வந்தால் உடனே வெளியே எடுப்பதும், படிப்படியாகத் திரும்ப விடுவதும் அங்கே இப்போது சட்டக் கடமை. ஆட்டக்காரர்களும், 18 வயதுக்குக் குறைந்தவர்களின் பெற்றோரும், பயிற்சியாளர்களும் ஆண்டுக்கு ஒருமுறை கன்கஷன் பற்றிய கையேட்டைப் படித்துவிட்டதாக உறுதி கொடுக்க வேண்டும். அந்த மாகாணத்தின் ஸ்கார்பரோ, மார்க்கம் ஊர்களில் பிள்ளைகளை ஆட அனுப்பும் தமிழ்ப் பெற்றோர்களிடமும் இந்தப் படிவம் வருகிறது. கையேடு 10 வயது வரை, 11 முதல் 14 வரை, 15-க்கு மேல் என்று மூன்று விதமாக இருக்கிறது. ரோவன் தன் கைபேசியில் தனியாகத் தேடிய விவரங்கள்தான் அதில் இருக்கின்றன. கையெழுத்துப் போடுவதற்கு முன் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் வயதுக்குரிய கையேட்டைச் சேர்ந்து படிக்கப் பதினைந்து நிமிடம் ஆகும். படித்து முடித்ததும் அவளிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: பந்து தலையில் பட்டு, அப்புறம் யாரிடமும் சொல்லாமல் ஆடிய நாள் ஏதாவது இருக்கிறதா?